அக்கசாலைக் குறியும் நாணய மதிப்பும்

நாணயம் என்னும் சொல் தமிழில் இருபொருள் பயப்பது. கையிற் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத ஒழுக்கமும் நாணயம். காசின் பெருமை அதன் உலோகத்தை மட்டுமன்றி, அதனை வெளியிட்டோரின் சொல்லுறுதியையும் பொறுத்தது என்பதை இவ்வழக்கு நன்கு புலப்படுத்தும். அச்சொல்லுறுதிக்கு யார் பொறுப்பு என்பதைக் காசின் மேலேயே பொறித்து வைக்கும் அடையாளமே அக்கசாலைக் குறி. அஃது ஓர் எழுத்தாகவோ, ஒரு புள்ளியாகவோ, பூவாகவோ, பிறையாகவோ அமையும். பெரும்பாலும் கடுகளவினும் சிறியதாய், ஊன்றி நோக்கினாலன்றிக் கண்ணுக்குப் புலனாகாததாய் இருக்கும்.

ஒரே ஆண்டில், ஒரே உருவத்தில், ஒரே நிறையில், ஒரே மாற்றுள்ள உலோகத்தில் அடிக்கப்பட்ட இரு காசுகளை ஒருவர் கையிற் கொடுப்போமாயின், வணிகர் தராசில் அவை இரண்டும் ஒன்றே. ஆயின் காசு தொகுப்போர் அவற்றுள் ஒன்றனை உலோக விலைக்கே கொள்வர். மற்றொன்றற்கு அதனினும் பன்மடங்கு பொருள் கொடுப்பர். இவ்வேறுபாடு வெறும் பித்தா, அன்றி அதற்குத் தக்க காரணம் உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சி தொகுப்போரின் மனநிலையை விளக்குவதோடு நில்லாது, தமிழக வரலாற்றுச் சான்றுகளைப் பேணும் கடமையோடும் தொடர்புடையது என்பது முடிவிற் போதரும்.

1. குறி தோன்றிய காரணம்

காசு அடிக்கும் இடத்தை அக்கசாலை என்றும், தங்கசாலை என்றும், கம்பட்டம் என்றும் தமிழர் வழங்கினர். கொற்கையை அடுத்து அக்காசாலை என்னும் பெயரால் ஓர் ஊர் வழங்குதலும், சென்னையில் தங்கசாலைத் தெரு என்னும் பெயர் நிலைத்திருத்தலும் இதற்குச் சான்று. காசின் மாற்றையும் நிறையையும் ஆராய்ந்து உரைப்போர் வண்ணக்கர் எனப்பட்டனர். சங்கப் புலவருள் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் முதலியோரின் பெயர்களில் இத்தொழிற்பெயர் அமைந்துள்ளது. சோழர் கல்வெட்டுகளில் பயின்றுவரும் அன்றாடு நற்காசு என்னும் தொடரும், காசுகளுள் நல்லனவும் அல்லனவும் இருந்தன என்பதையும், எக்காசு என்று வரையறுத்துக் கூறுதல் வேண்டப்பட்டது என்பதையும் உணர்த்தும்.

காசு ஒரே சாலையில் அடிக்கப்படும் வரையில் குறிக்குத் தேவையில்லை. குறை காணப்படின் யாரைக் கேட்பது என்பது யாவர்க்கும் தெரியும். ஒரே அரசின் காசு பல ஊர்களில் அடிக்கப்படும்போதுதான் இடர் தோன்றுகின்றது. நிறை குறைந்த காசு ஒன்று கருவூலத்தை வந்தடையின், அதனை அடித்தவர் யாவர் என்று அறியும் வழி வேண்டும். இத்தேவையே குறியைத் தோற்றுவித்தது.

உரோமப் பேரரசில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் பரவியது. தியோக்கிளீசியன் (கி.பி. 284-305) செய்த நாணயச் சீர்திருத்தத்தின் பின்னர், பேரரசின் பல பகுதிகளிலும் இருந்த அக்கசாலைகள் தம் ஊர்ப்பெயரின் முதலெழுத்துகளைக் காசின் பின்புறத்தின் அடியில் பொறித்தன. ஊர்ப்பெயரோடு, அச்சாலையினுள் எந்தப் பட்டறை அக்காசை அடித்தது என்பதைக் காட்டும் எழுத்தும் உடன் நின்றது. அந்தியோக்கியாவின் இரண்டாம் பட்டறை என்னும் அளவுக்குப் பொறுப்பு நுணுக்கமாக வகுக்கப்பட்டது.

பிரான்சு நாட்டில் ஆறாம் சார்லசு மன்னன் காலத்தில், 1389இல், மறைபுள்ளி முறை என்னும் விந்தையான ஏற்பாடு வந்தது. காசைச் சுற்றியுள்ள எழுத்துவரிசையில் ஒரு குறிப்பிட்ட எழுத்தின் கீழே ஒரு சிறு புள்ளி இடப்படும். எத்தனையாம் எழுத்து என்பதைக் கொண்டு எந்த ஊர் என அறியலாம். பாரிசு நகருக்குப் பதினெட்டாம் எழுத்து உரியதாயிற்று. பொதுமக்கள் கண்ணுக்கு இப்புள்ளி ஒன்றும் உணர்த்தாது. அரசின் அலுவலர்க்கோ அஃது ஒரு கையொப்பம் போன்றது. பின்னர் 1540இல் முதலாம் பிரான்சுவா மன்னன் இப்புள்ளிகளுக்கு ஈடாக வெளிப்படையான எழுத்துமுறையை நிறுவினான். பாரிசுக்கு 'ஏ', உரூவானுக்கு 'பி' என அகரவரிசையில் எழுத்துகள் வகுக்கப்பட்டன. பிற்காலத்து நாடுகள் பலவற்றின் எழுத்துக்குறிகளுக்கு இது முன்மாதிரி எனலாம்.

இவற்றால் அறியப்படுவது யாதெனின், அக்கசாலைக் குறி தொகுப்போரை மகிழ்விக்கத் தோன்றியதன்று. குற்றம் செய்தாரைக் கண்டறியத் தோன்றியது என்பதே. தொகுப்போர் அதன்கண் கொண்ட ஆர்வம் மிகப் பிற்பட்டது.

2. குறி மதிப்புப் பெற்ற வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைமை அக்கசாலை பிலடெல்பியாவில் உள்ளது. நியூ ஆர்லியன்சு, சான் பிரான்சிசுகோ, கார்சன் நகரம் முதலிய கிளைச்சாலைகள் முறையே 'ஓ', 'எஸ்', 'சிசி' என்னும் எழுத்துகளைப் பொறித்தன. பிலடெல்பியாக் காசுகளில் நெடுங்காலம் பெரும்பாலும் குறியே இல்லை.

அந்நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காசு தொகுப்போர் பலர் இருந்தனர். எனினும் அவர்கள் ஆண்டுக்கு ஒரு காசு என்னும் முறையிலேயே தொகுத்தனர். 1880 எனப் பொறித்த வெள்ளி டாலர் ஒன்று கைக்கு வந்துவிட்டால் அவ்வாண்டின் இடம் நிரம்பியதாகக் கருதினர். அது பிலடெல்பியாவில் அடித்ததா, சான் பிரான்சிசுகோவில் அடித்ததா என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. 1893இல் அகஸ்டஸ் ஹீட்டன் என்பவர் கிளைச்சாலைக் காசுகளைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். கிளைச்சாலைக் காசுகளை ஏன் தனியே தொகுத்தல் வேண்டும் என்பதற்கு அவர் பல காரணங்களை நிரல்படக் காட்டினார். அதன் பின்னரே குறியை நோக்கும் வழக்கம் மெல்ல மெல்ல வேரூன்றியது.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளை நமக்குக் காட்டுகின்றது. முதலாவது, அருமை வேறு, மதிப்பு வேறு. ஹீட்டனின் நூல் வெளிவருமுன்னும் அக்காசுகள் அருமையானவையே. ஆயின் அவ்வருமையை வேண்டுவார் இல்லாமையால் அதற்கு விலையும் இல்லை. பொருளின் குறைவும் அதனை நாடுவாரின் அறிவும் ஒன்றுகூடும்போதே மதிப்புப் பிறக்கின்றது. இரண்டாவது, எவரும் பொருட்படுத்தாத காலத்தில் கிளைச்சாலைக் காசுகள் பேழையில் வைக்கப்படாமல் கைகளிலேயே புழங்கித் தேய்ந்தன. ஆதலின் தேயாத நிலையில் எஞ்சியவை பின்னும் சிலவாயின. புறக்கணிப்பே பிற்கால அருமைக்கு வித்தாயிற்று என்பது இதனுள் அமைந்த முரண்.

3. எண்ணிக்கையும் எச்சமும்

மதிப்பின் காரணங்களுள் முதலில் நிற்பது அடித்த எண்ணிக்கை. 1909இல் அமெரிக்காவில் லிங்கன் உருவம் பொறித்த செப்புச் சென்டு வெளியிடப்பட்டது. அதனை வடித்த விக்டர் டேவிட் பிரென்னர் என்பார் தம் பெயரின் மூன்று முதலெழுத்துகளைப் பின்புறத்தில் அமைத்திருந்தார். அவ்வெழுத்துகள் மிகப் பெரியனவாகத் தோன்றுகின்றன என்று குறை எழவே, சில நாள்களுக்குள் அவை நீக்கப்பட்டன. நீக்கப்படுமுன் பிலடெல்பியா 2 கோடியே 79 இலட்சத்து 95 ஆயிரம் காசுகளை அடித்துவிட்டது; சான் பிரான்சிசுகோ அடித்தவையோ 4 இலட்சத்து 84 ஆயிரமே. இவ்விரண்டற்கும் வேறுபாடு ஆண்டின் கீழுள்ள 'எஸ்' என்னும் ஓரெழுத்துத்தான். பிலடெல்பியாக் காசு எளிதிற் கிடைப்பது. சான் பிரான்சிசுகோக் காசோ அந்நாட்டுச் சிறுவர் முதல் முதியோர் வரை தேடித் திரிந்த ஒன்று.

எண்ணிக்கை மிகச் சிறுத்தற்கு எல்லையாகக் காட்டத்தக்கது 1894ஆம் ஆண்டின் சான் பிரான்சிசுகோ டைம் என்னும் பத்துச் சென்டு வெள்ளிக்காசு. அவ்வாண்டில் அச்சாலை அவ்வகைக் காசுகளை 24 மட்டுமே அடித்தது. இன்று அறியப்பட்டவை பத்துக்கும் குறைவு. அவை எதன்பொருட்டு அடிக்கப்பட்டன என்பதைப் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன; ஆவணச் சான்று அவற்றுள் ஒன்றனையும் ஐயமற நிறுவவில்லை. கதையின் தெளிவின்மையும் விலையை உயர்த்தும் காரணங்களுள் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் அடித்த எண்ணிக்கையை மட்டும் நோக்குவோர் பிழைபடுவர். நோக்க வேண்டியது எஞ்சிய எண்ணிக்கை. இதனைத் தெளிவுறுத்துதற்குத் தமிழ் மக்கள் நன்கறிந்த ஒரு காசையே எடுத்துக்கொள்வோம். நம் நகைக்கடைகளில் எட்டுக் கிராம் பொன்னைச் சவரன் என்று வழங்குகின்றோம். இச்சொல், 1817 முதல் இலண்டனில் அடிக்கப்பட்ட சாவரின் என்னும் பொற்காசின் பெயர்த் திரிபு. அக்காசின் நிறை ஏறத்தாழ 7.98 கிராம், மாற்று 22 காரட்டு. பிரித்தானியப் பேரரசின் கிளைச்சாலைகள் பலவற்றில் இக்காசு அடிக்கப்பட்டமையால், சிட்னிக்கு 'எஸ்', மெல்போர்னுக்கு 'எம்', பெர்த்துக்கு 'பி', ஒட்டாவாவுக்கு 'சி', பிரிட்டோரியாவுக்கு 'எஸ்ஏ' எனக் குறிகள் அமைந்தன. பம்பாயில் 1918ஆம் ஆண்டு ஒன்றற்கு மட்டும் அடிக்கப்பட்டவற்றில் இந்தியா என்பதன் முதலெழுத்தாகிய 'ஐ' பொறிக்கப்பட்டது. இலண்டன் காசில் குறி இல்லை. யாவும் ஒரே நிறை, ஒரே மாற்று. ஆகவே விலையில் காணும் வேறுபாடு முழுதும் குறியினால் வந்ததே என்று ஐயமின்றிக் கொள்ளலாம். இவ்வாராய்ச்சிக்கு இதனினும் தக்க துலாக்கோல் வேறில்லை.

1917ஆம் ஆண்டின் காசுகளை ஒப்பிடுக. இலண்டனில் அடித்தவை பத்து இலட்சத்துக்குச் சற்று மேல். மெல்போர்னில் அடித்தவை ஏறத்தாழ 9 இலட்சத்து 34 ஆயிரம். ஏட்டுக் கணக்கின்படி மெல்போர்ன் காசே அரியதாதல் வேண்டும். உண்மை நிலையோ நேர்மாறானது. மெல்போர்ன் காசு எளிதிற் கிடைக்கும். இலண்டன் காசு கிடைத்தற்கரியது. முதல் உலகப்போரின் செலவுக்காக இலண்டன் பொன்னிற் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, ஆங்கே உருக்கப்பட்டது என்பது அறிஞர் கூறும் விளக்கம். இவ்வாறே, 1927இல் டென்வர் அக்கசாலை 'டி' என்னும் குறியோடு 1 இலட்சத்து 80 ஆயிரம் இருபது டாலர்ப் பொற்காசுகளை அடித்தது. அவை பெரும்பாலும் கருவூலத்திலேயே கிடந்தன. 1933இல் பொன்னைத் திரும்பப்பெறும் ஆணை பிறந்தபின் அவை கட்டிகளாக உருக்கப்பட்டன. இன்று எஞ்சியவை ஏறத்தாழப் பன்னிரண்டு. அதே ஆண்டில் பிலடெல்பியா அடித்தவை 29 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவை இன்றும் பொதுவாகக் கிடைப்பன.

பம்பாய்ச் சவரனும் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. ஓராண்டு மட்டும் வழங்கிய குறியாதலின் அது பேரருமை வாய்ந்தது எனச் சிலர் மயங்குவர். ஆயின் அவ்வோராண்டிலேயே ஏறத்தாழ 13 இலட்சம் காசுகள் அடிக்கப்பட்டன. அவற்றுட் பல இன்னும் உள்ளன. ஆகவே அதன் சிறப்பு வரலாற்றுச் சிறப்பே. அருமை பற்றிய சிறப்பன்று. 1916இல் ஒட்டாவாவில் அடிக்கப்பட்டவை ஏறத்தாழ 6,100 மட்டுமே. அங்கே அருமையும் உண்டு. குறி புதுமையுடையது என்பதும், குறியுள்ள காசு அரியது என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என்பதை இவ்விரு காசுகளும் நன்கு விளக்கும்.

4. ஆர்க்காட்டு ரூபாய் கற்பிக்கும் பாடம்

இதுகாறும் கூறியன விலை பற்றியவை. குறிக்கு விலையினும் மேம்பட்ட ஒரு பயன் உண்டு. அதனைத் தமிழகத்துக் காசு ஒன்றே சிறப்பாகக் காட்டவல்லது.

முகலாயர் காசுகளில் அரசன் பெயரும், ஆட்சியாண்டும், அடித்த ஊர்ப்பெயரும் பாரசீக எழுத்தில் பொறிக்கப்படும். ஆர்க்காடு அவ்வூர்களுள் ஒன்று. ஆர்க்காட்டு ரூபாய்க்கு வணிகரிடையே நற்பெயர் இருந்தமையால், ஐரோப்பியக் கும்பினியார் அக்காசைத் தாமே அடிக்க விழைந்தனர். புதுச்சேரிப் பிரெஞ்சியர் 1736இல் நவாபினிடம் அவ்வுரிமை பெற்றனர். சென்னை ஆங்கிலேயர் 1742இல் பெற்றனர். இவ்விரு சாரார் அடித்த காசுகளிலும் ஊர்ப்பெயர் ஆர்க்காடு என்றே இருக்கும். பெயரை மட்டும் படிப்பவர் மூன்றனையும் ஒன்றாகவே கொள்வர். ஆயின் புதுச்சேரிக் காசில் ஒரு பிறை உண்டு. சென்னையின் பிற்காலக் காசில் ஒரு தாமரை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவிலும் இவ்வார்க்காட்டு ரூபாய் அடிக்கப்பட்டது. அதில் ரோசாப்பூ உண்டு.

ஆண்டும் அவ்வாறே ஏமாற்றும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடிக்கப்பட்ட இக்காசுகளிலும், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் ஆண்ட இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டும், ஆறாம் ஆட்சியாண்டும் மாறாமல் நின்றன. ஆண்டு பழையதாயின் காசு தேய்ந்திருக்கும் என்று கூறிச் சராப்புகள் வட்டம் பிடிப்பது அக்கால வழக்கம். ஆண்டை ஒரே நிலையில் நிறுத்திவிடின் அதற்கு இடமில்லாது போகும். வங்காளத்தில் ஷா ஆலத்தின் 19ஆம் ஆட்சியாண்டு சிக்கா ரூபாய் நிலைநிறுத்தப்பட்டதும் இக்கருத்துப் பற்றியே.

இங்ஙனம் அரசன் பெயர் உண்மையன்று, ஆண்டு உண்மையன்று, ஊர்ப்பெயரும் உண்மையன்று. ஓரத்தில் நிற்கும் சிறு பிறையும் பூவுமே உண்மை உரைக்கின்றன. பெரிய எழுத்துகள் வணிகர் நம்பிக்கைக்காக எழுதப்பட்டவை. சிறிய குறியோ அடித்தவர் தம் கணக்குக்காக இட்டது. ஆதலின் வரலாற்று மாணவர்க்கு எழுத்தினும் குறியே நம்பத்தக்க சான்றாகின்றது. விக்டோரியா அரசியின் 1862 என்னும் ஆண்டு பொறித்த ரூபாயும் இத்தகையதே. அவ்வாண்டுக்குப் பின்னரும் 1874 வரை அதே ஆண்டெண்ணோடு ரூபாய்கள் அடிக்கப்பட்டன. பம்பாய்ச் சாலை, காசின் பின்புறத்தில் இட்ட சிறு புள்ளிகளால் உண்மையான ஆண்டைக் குறித்து வைத்தது. இந்தியாவில் வழங்கிய பிரித்தானியக் காசுகளை வகைப்படுத்திய பிரிட்மோர் முதலிய அறிஞர் இப்புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் கொண்டே அவற்றைப் பாகுபடுத்தினர்.

லாகூர் அக்கசாலையும் ஈண்டு நினைக்கத்தக்கது. இரண்டாம் உலகப்போரின் காசுத் தேவை கருதி 1943இல் அது திறக்கப்பட்டது. அதன் காசுகளில் 'எல்' என்னும் எழுத்துக் காணப்படும். 1947இல் நாடு பிரிந்தபோது அச்சாலை பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. ஒன்றுபட்ட இந்தியாவின் காசில் லாகூரின் எழுத்து நின்ற காலம் மிகக் குறுகியது. அவ்வெழுத்தைக் கையிற் கொண்டு நோக்குவார்க்கு ஒரு நாட்டின் பிரிவு கண்முன் தோன்றும். தொகுப்போர் சிலர் இக்காசை நாடுவதற்கு விலை காரணமன்று, இந்நினைவே காரணம்.

5. குறியின்மையும் ஒரு குறியே

குறியை நோக்குவோர் குறியில்லாமையையும் நோக்குதல் வேண்டும். இலண்டன், பிலடெல்பியா, கல்கத்தா ஆகிய தலைமைச் சாலைகள் பொதுவாகக் குறியிடாது விட்டன. இன்றைய இந்தியக் காசுகளிலும் மும்பைக்கு வைர வடிவும், ஐதராபாத்துக்கு விண்மீனும், 1988 முதல் இயங்கும் நொய்டாவுக்கு வட்டப்புள்ளியும் ஆண்டின் கீழே நிற்க, கொல்கத்தாக் காசில் ஒன்றும் இல்லை. குறியின் வடிவோடு அதன் இடமும் நோக்கத்தக்கது. 1985இல் உள்நாட்டுச் சாலைகளால் தேவையை நிறைவேற்ற இயலாது, ஒரு ரூபாய்க் காசுகள் பிரித்தானியாவிலும் அடிக்கப்பட்டன. பர்மிங்காமின் ஹீட்டன் சாலை 'எச்' என்னும் எழுத்தை இட்டது. அரச அக்கசாலையின் காசிலோ ஆண்டின் முதல் இலக்கத்தின் கீழே குறி உள்ளது. மும்பைக் குறி ஆண்டின் நடுவே நிற்பது. இடத்தை நோக்காதவர் இவற்றை மயங்கக் கொள்வர்.

குறியின்மை பொருளுடையதாகும்போது இரு இடர்கள் தோன்றுகின்றன. ஒன்று தேய்மானம். மும்பைக் காசில் குறி தேய்ந்து மறையின் அது கொல்கத்தாக் காசு போலத் தோன்றும். ஆதலின் தேய்ந்த காசைக் குறியில்லாதது என்று எழுதுதல் கூடாது. குறி புலனாகவில்லை என்றே எழுதுதல் வேண்டும். இவ்விரு தொடர்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஆய்வாளர் நெறிக்கு உயிர்நாடி.

மற்றோர் இடர் மோசடி. ஓரெழுத்து இருப்பதால் விலை உயருமாயின், அவ்வெழுத்தைச் சேர்க்க முயல்வாரும் உண்டு. அது இல்லாமையால் விலை உயருமாயின், அதனைச் சுரண்டி நீக்க முயல்வாரும் உண்டு. 1909ஆம் ஆண்டின் பிலடெல்பியாச் சென்டில் 'எஸ்' என்னும் எழுத்தை ஒட்டுதல் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் சூது. கிளைச்சாலையில் அடித்த 1917ஆம் ஆண்டுச் சவரனில் குறியை அழித்து இலண்டன் காசாக்க முயல்வார்க்கும் வழி எளிது. இவற்றைக் கண்டறிவோர் உருப்பெருக்கியால் குறியின் அடிப்பகுதியை நோக்குவர். அச்சிலிருந்து எழுந்த எழுத்து காசின் தளத்தோடு இயைந்து எழும்; ஒட்டிய எழுத்தின் அடியில் மயிரிழை போன்ற பிரிகோடு தோன்றும். சுரண்டிய இடத்தில் தளத்தின் ஒளி மாறுபடும். இவற்றினும் உறுதியான வழி, குறியை விட்டு அச்சினை ஆராய்தல். 1893ஆம் ஆண்டில் சான் பிரான்சிசுகோவில் ஓர் இலட்சமே அடிக்கப்பட்ட வெள்ளி டாலரின் முகப்பில், முடியிற் பொறித்த சொல்லின் 'டி' என்னும் எழுத்தின் தலைப்பில் ஒரு சிறு சாய்கோடு உண்டு. அஃது அச்சில் நேர்ந்த வடு. அவ்வடு இல்லாத காசில் 'எஸ்' எழுத்து இருப்பின், அவ்வெழுத்தை நம்புதல் கூடாது. ஒரு குறியை நிறுவ மற்றொரு குறி வேண்டப்படுகின்றது என்பது காண்க. சுவடிகளில் ஒரு பாடத்தின் உண்மையை மற்றொரு பிழையின் துணையால் துணியும் பதிப்பாசிரியர் செயலோடு இஃது ஒப்புநோக்கத்தக்கது.

6. தமிழக ஆய்வுக்குரிய பயன்

தொகுப்போர் குறியை மதித்தற்குரிய காரணங்களை இனித் தொகுத்துக் கூறலாம். எண்ணிக்கையின் குறைவு ஒன்று. எஞ்சியவற்றின் குறைவு ஒன்று. தேயாத நிலை ஒன்று. ஆண்டும் சாலையும் நிரல்பட ஒரு வரிசையை நிறைவு செய்யும் விருப்பம் ஒன்று. குறி சுட்டும் வரலாற்று நினைவு ஒன்று. இவற்றுள் இறுதியது ஒன்றே ஆய்வாளர்க்கு நேரே உரியது. எனினும் ஏனைய நான்கும் அவர்க்குத் துணைசெய்கின்றன. தொகுப்போர் குறியைத் தேடியமையால்தான் பல வகைகள் கண்டறியப்பட்டன, பட்டியல்கள் தோன்றின.

ஆயின் அத்துணையே கேடாகவும் முடிதல் கூடும். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும், மதுரையில் வையைப் படுகையிலும் கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த உரோமச் செப்புக்காசுகள் பல கிடைத்துள்ளன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றை ஆராய்ந்து 1994இல் தனிநூலாகவே வெளியிட்டார். அக்காசுகள் சிறியன, நெடுநாட் புழக்கத்தால் தேய்ந்தன. பேரரசன் முகம் மழுங்கிப் போன காசிலும் அடிப்பகுதியில் இரண்டு மூன்று எழுத்துகள் எஞ்சியிருத்தல் உண்டு. அக்காசு அந்தியோக்கியாவிலிருந்து வந்ததா, அலெக்சாந்திரியாவிலிருந்து வந்ததா, கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வந்ததா என்பதை அவ்வெழுத்துகளே கூறவல்லன. ஒரு குவியலில் எவ்வூர்க் காசுகள் மிகுந்துள்ளன என்று கணக்கிடின், பிற்காலத்துக் கடல்வாணிகம் எத்துறைமுகங்களோடு நெருங்கியிருந்தது என்று ஆராய வழி பிறக்கும். இலக்கியம் வாய்திறவாத ஒரு காலத்தின் வாணிக வரலாற்றுக்கு இச்சிற்றெழுத்துகள் எத்துணை இன்றியமையாதன என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய காசு ஒன்றைக் கண்டெடுத்தவர் அதனைப் பளபளப்பாக்கும் எண்ணத்தால் புளியிட்டும், சாம்பலிட்டும், அமிலத்தில் தோய்த்தும் துலக்குவராயின், முதலில் அழிவது மெல்லியதாய் எஞ்சிய அவ்வெழுத்தே. குவியலிலிருந்து குறி தெளிவான காசுகளை மட்டும் பொறுக்கி விற்று, ஏனையவற்றைச் செம்பு விலைக்கு உருக்கிவிடின், எஞ்சிய கணக்கு முழுதும் பொய்யாகிவிடும். விலையுயர்ந்த குறியை நாடும் ஆர்வம், அக்குறிக்குப் பொருள் தரும் கூட்டத்தையே சிதைத்துவிடுகின்றது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என விதித்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, கண்டெடுத்த இடமும் உடனிருந்த காசுகளும் எழுத்திற் பதிவாகாத காசு, ஏடு கிழிந்து தனித்து நின்ற ஓலையை ஒக்கும் என்பதை மக்கள் உணருமாறு செய்தல் கற்றோர் கடன்.

ஆகவே காசு பற்றி எழுதும் மாணவர் மூன்றனை மறவாது குறித்தல் வேண்டும். குறி உண்டாயின் அதன் வடிவு. அது நிற்கும் இடம். அது புலனாகாவிடின் இல்லாமையாலா, தேய்ந்தமையாலா என்பது. அரசன் பெயரும் ஆண்டும் மட்டும் எழுதிய பட்டியல் நிறைவுடையதாகாது. ஆர்க்காட்டு ரூபாயை அவ்வாறு எழுதின், புதுச்சேரியும் சென்னையும் கல்கத்தாவும் ஒன்றாய்க் கலந்துவிடும் என்பதை மேலே கண்டோம்.

காசின் பெரிய எழுத்துகள் அரசனைப் போற்றுவன. சிறிய குறியோ, இதனை அடித்தவர் யாம், இதன் நிறைக்கும் மாற்றுக்கும் பொறுப்பு எம்முடையது என்று உரைப்பது. அரசர் மறைந்தபின்னும், அவர் காசு செல்லாக்காசான பின்னும், அவ்வுரை மட்டும் மெய்யாய் நிற்கின்றது. தொகுப்போர் அதற்குக் கொடுக்கும் விலை காலந்தோறும் ஏறும், இறங்கும். அஃது உரைக்கும் சான்று மாறாது. நாணயத்தின் நாணயம் அக்குறியின்கண்ணே உள்ளது எனக் கூறி இக்கட்டுரையை முடிக்கலாம்.